மூன்று காலோடு வீட்டுக்கு வந்த நாய்: கேட்டடியில் நின்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

எங்கள் சீசர் லாப்ரடோர் கலப்பு, 31 கிலோ. எட்டாவது வயதில் இடது பின்னங்கால் எலும்பில் புற்றுநோய் வந்தது. ஆடி மாதத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலையில் அந்தக் காலை அகற்றி, திருகோணமலை உப்புவெளிக்குக் கூட்டிவந்தோம். அன்றிலிருந்து கேட்டடியில் நின்று கேட்காத ஆள் இல்லை. பிறகு, தங்கள் நாய்க்கும் இப்படி வந்துவிட்டதென்று சொல்லி, முன்பின் தெரியாதவர்களும் தேடிவரத் தொடங்கினார்கள். எல்லோரும் கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். நான் மிருக வைத்தியர் இல்லை. மருந்தின் அளவை உங்கள் வைத்தியரிடம்தான் கேட்கவேண்டும்.

காலை எடுத்தா நாய் நடக்குமோ? இல்லாட்டிக் கடைசி மட்டும் தூக்கிக்கொண்டு திரியவேணுமோ?

நடக்கும். பெரும்பாலான நாய்கள் ஒன்றிரண்டு நாளுக்குள் எழுந்து நின்றுவிடும். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் தங்களுக்கென்று ஒரு நடையைப் பிடித்துவிடும். சீசர் வான் வண்டியில் இருந்து இறங்கும்போதே கேட்டுத் தூணை மணந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். உண்மையில் அவன் அதற்கு முன்பே இரண்டு மாதமாக மூன்று காலில்தான் நடந்தான். நாங்கள்தான் அதை நொண்டல் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

முன்னங்கால் போன நாய்க்குக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும். நாயின் நிறையில் ஏறக்குறைய 60 வீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. அதனால் ஒவ்வொரு அடிக்கும் தலை மேலும் கீழும் போகும். சாப்பாட்டுக் கோப்பையை ஒரு பலகையில் உயர்த்தி வைத்தால் அதற்குச் சுகம்.

முதலில சுளுக்கெண்டுதானே சொன்னவை? பிறகு எப்பிடிக் கண்டுபிடிச்சது?

நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் மூன்று கிழமை நோவு ஊசியோடு போனது. ஊசி போட்ட அன்று நன்றாக நடப்பான், மூன்றாம் நாள் திரும்பவும் தூக்குவான். எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, பாதி என்மேல்தான்.

பெரிய இன நாய், நடுவயது தாண்டியது, நொண்டல் வந்து வந்து போகிறது, எலும்போடு ஒட்டிக் கல்லு மாதிரி ஒரு வீக்கம்: இவை சேர்ந்து வந்தால் அடுத்த நாளே எக்ஸ்ரே கேளுங்கள். நாய்களுக்கு எலும்பில் தொடங்கும் புற்றுநோய்களில் மிகப்பெரும்பாலானவை ஒஸ்டியோசார்க்கோமா என்ற ஒரே வகைதான். முழங்காலை ஒட்டிய பகுதி, முன்னங்காலில் தோள்மூட்டுக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே, இந்த இடங்களில்தான் அது அதிகம் வரும். சீசருக்கு முழங்காலுக்குச் சற்று மேலே. காலை எடுக்குமுன் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள், சுவாசப்பைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க.

நோய் உள்ள துண்டை மட்டும் வெட்டேலாதோ? ஏன் இடுப்பு வரைக்கும்?

இரண்டு காரணம். கட்டியைச் சுற்றி நல்ல இழையத்தையும் சேர்த்து அகற்றினால்தான் அந்த இடத்தில் திரும்ப முளைக்காது. மற்றது, பாதிக்கால் மிச்சம் இருந்தால் நாய் அதை நிலத்தில் ஊன்றப் பார்க்கும், தட்டும், புண்ணாக்கும். எலும்பின் துண்டை மட்டும் எடுத்துக் காலைக் காப்பாற்றும் சத்திரசிகிச்சையும் உண்டு. அது பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கத்துக் கட்டிக்குத்தான் சரிவரும், தொற்று வரும் ஆபத்தும் அதிகம்.

வீட்டில என்ன ஆயத்தம் செய்யவேணும்?

தரை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் ஊரில் இப்போது எல்லா வீட்டிலும் டைல்ஸ். நான்கு காலோடு போகிறவனே வழுக்குகிற தரையில் மூன்று காலோடு வருகிறவன் ஒருமுறை விழுந்தால் போதும், பயந்து அடுத்த நாள் எழும்பமாட்டான். நான் ரப்பர் மெட் வாங்கி ஹோலில் இருந்து விறாந்தை வரை ஒரு பாதை மாதிரிப் போட்டேன். காணாத இடத்துக்கு அரிசிச் சாக்கை விரித்து, ஓரத்தை டேப்பால் ஒட்டினேன். பாய் வேண்டாம். பன்பாய் டைல்ஸில் ஓடும், நாயையும் கொண்டே ஓடும். பாத விரல்களுக்கிடையில் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரையும், நகத்தையும் வெட்டிவிடுங்கள்.

தூக்குவதற்குத் தனியாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. பழைய சாரம் ஒன்றை நீளமாக மடித்து, பின்வயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு நுனியையும் மேலே பிடித்தால் சரி. ஆண் நாய் என்றால் மூத்திரம் போகும் இடத்தை மறைக்காமல் பிடியுங்கள். முதல் நாள் எனக்கு அது தெரியாமல் சாரமும் நானும் நனைந்தோம். படி இருந்தால் மறியுங்கள், கட்டிலில் ஏறிப் படுக்கும் பழக்கம் இருந்தால் மெத்தையை நிலத்தில் போடுங்கள்.

முதல் இரவு முழுக்க அனுங்கிக்கொண்டே இருந்தது. பிழையொண்டும் இல்லையே?

அனேகமாக இல்லை. மயக்க மருந்தும் வலுவான நோவு மருந்தும் உடம்பை விட்டுப் போகும்போது சில நாய்கள் காரணமில்லாமல் அனுங்கும், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். சீசர் நடுச்சாமம் இரண்டு மணி வரை அனுங்கினான். பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்து, அவன் நெற்றியில் கையை வைத்த பிறகுதான் தூங்கினான்.

ஆனால் நடுங்கிக்கொண்டு, வேகமாக மூச்சிளைத்துக்கொண்டு, படுக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் திரும்பத் திரும்ப இடம் மாறினால் அது நோவு. விடியட்டும் என்று பார்க்காதீர்கள், வைத்தியருக்கு போன் எடுங்கள்.

எங்கட பனடோலில பாதி குடுக்கலாமோ?

வேண்டாம். நாய்க்கும் மனிதருக்கும் இடையில் மருந்தின் அளவு வேறு, ஈரல் வேலை செய்கிற விதமும் வேறு. பனடோல் என்கிற பரசிற்றமோலை வைத்தியரே அளவு சொல்லித் தந்தால் அது வேறு கதை. புரூபன், டைக்ளோபினாக் இரண்டும் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், பாதிக் குளிசையும் ஆபத்து. வீட்டில் பூனை இருந்தால் அதன் கண்ணிலும் பனடோலைக் காட்டாதீர்கள், ஒரு குளிசையே அதன் உயிரை எடுத்துவிடும்.

எங்களுக்குத் தந்தவை மெலொக்சிக்காமும் கபாபென்டினும். முதலாவதைச் சாப்பாட்டோடுதான் கொடுக்கவேண்டும். சத்தி எடுத்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ நிறுத்திவிட்டு உடனே கேட்கவேண்டும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்தை அதோடு சேர்க்கவே கூடாது. முன்பு வேறு எங்காவது தோல் கடிக்கு அது தந்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கபாபென்டின் தூக்கமாக்கும், கொஞ்சம் தள்ளாடவும் வைக்கும். மனிதருக்கான அதன் பாணி மருந்தில் (திரவ வகையில்) சைலிற்றோல் என்ற இனிப்பு சேர்ந்திருக்கலாம். அது நாய்க்கு நஞ்சு என்பதால் குளிசையையே கேளுங்கள்.

மூண்டு நாளாக் கக்கூசுக்கே போகேல்லை...

போகாது. சாப்பிடாமல் சத்திரசிகிச்சைக்குப் போனது, வலுவான நோவு மருந்து குடலை மந்தமாக்கியது, எல்லாம் சேர்ந்து நான்கைந்து நாள் இழுக்கும். அவித்த பூசணியைக் கொஞ்சம் சோற்றோடு பிசைந்து கொடுத்தேன். குந்துவதற்குச் சமநிலை பிடிபட நாள் எடுக்கும், அந்த நேரத்தில் சாரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூத்திரம் அப்படியில்லை. ஒரு முழு நாள் போகாவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டும். காலைத் தூக்கிப் பழகிய ஆண் நாய் முதலில் தூக்கிப் பார்த்து விழும். பிறகு அதுவே ஒரு வழி கண்டுபிடிக்கும்.

வயிறெல்லாம் ஊதா நிறமா ஓடியிருக்கு. காயத்துக்குக் கீழ தண்ணிப் பை மாதிரித் தொங்குது.

ஊதா நிறம் கண்டல். இரத்தம் கீழ்நோக்கி இறங்குவதால் மூன்றாம் நாள் முதலாம் நாளை விட மோசமாகத் தெரியும், பிறகு பச்சையாகி மஞ்சளாகி மறையும். முதல் இரண்டு மூன்று நாள் ஐஸைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் வரை வையுங்கள்.

தண்ணிப் பை என்பது தோலுக்கடியில் ஊறிய நிணநீர். பெரும்பாலும் தானே வற்றும். ஊசியால் குத்திப் பார்க்கிற கை யாருடையதாக இருந்தாலும் தட்டிவிடுங்கள், உள்ளே கிருமியை விடுவது அதுதான். சூடாக இருந்தாலோ, மணத்தாலோ, சீழ் வந்தாலோ, தையல் விட்டாலோ, சொட்டுச் சொட்டாக இரத்தம் நிற்காமல் வந்தாலோ, பல்முரசு வெளிறிப்போனாலோ அன்றைக்கே போங்கள்.

ஈ மொய்க்குது. என்ன செய்யிறது?

வெளிநாட்டுக்காரர் எழுதிவைத்த அறிவுரைகளில் நான் காணாத கேள்வி இது. எங்களுக்கோ இதுதான் முதல் எதிரி. ஈரமான காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். தெருநாய்களின் முதுகில் நாம் பார்க்கிற அந்தக் குழிகள் அப்படி வந்தவைதான்.

நான் சீசரைப் பகலில் ஃபேனுக்குக் கீழே, பிள்ளைகளின் பழைய நுளம்புவலைக்குள் படுக்கவைத்தேன். கச்சான் காற்றுக் காலம், புழுதி வேறு. காலையும் மாலையும் டோர்ச் அடித்துத் தையல் ஓரம் முழுக்கப் பார்ப்பேன். அரிசிக் குறுணி மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது ஈ முட்டை. புழுவைக் கண்டால் பெற்றோல், பினைல், கற்பூர எண்ணெய் ஒன்றும் ஊற்றவேண்டாம். துணியால் மூடி வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உண்ணியையும் அப்படியே தினமும் தேடுங்கள், உண்ணிக் காய்ச்சல் வந்தால் இரத்தம் குறையும்.

மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசினாக் கெதியாக் காயாதோ? கன்னியாக் கிணத்துத் தண்ணி நல்லமெண்டும் சொல்லினம்.

இதைச் சொல்லாத ஒரு அம்மம்மாகூட இல்லை. தைத்த காயத்துக்குத் தேவை காய்ந்த நிலை. எண்ணெய் பூசினால் ஈரம் நிற்கும், தூசு ஒட்டும், மணத்துக்கு நாய் நக்கும். மஞ்சள் பூசினால் காயம் சிவந்திருக்கிறதா இல்லையா என்று வைத்தியருக்கே தெரியாமல் போகும்.

கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றிலும் நானும் குளித்திருக்கிறேன், உடம்பு நோவுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தத் தண்ணியும் தையல் வெட்டும் வரை படக்கூடாது. தையல் பத்து முதல் பதினான்கு நாளில் வெட்டுவார்கள்.

கோனைப் போட்டுக்கொண்டு சுவரில முட்டுது, பாவமாக் கிடக்கு. கழட்டி விடட்டோ?

கழற்றாதீர்கள். காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிப் போடுகிற கூம்புதான் கோன். ஒரே ஒருநாள், தேத்தண்ணி போடும் நேரத்துக்கு மட்டும் நான் கழற்றினேன். திரும்பி வந்தபோது இரண்டு தையலைக் காணவில்லை. பழைய ரீசேர்ட்டைப் பின்பக்கமாகப் போட்டு முடிச்சுப் போடுவதும் உதவும், அது கோனுக்கு மேலதிகமாகத்தான், கோனுக்குப் பதிலாக அல்ல. சாப்பிடும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் கழற்றலாம்.

என்ன சாப்பாடு குடுக்கலாம்?

முதல் நாள் மணக்கிற சாப்பாடு: அவித்த கோழி, முள் எடுத்த சூடை மீன், குழைந்த சோறு. இரண்டு நாள் முழுக்க ஒன்றும் தொடாவிட்டால் சொல்லுங்கள். குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

பாவம் என்று ஊட்டி ஊட்டிக் கொழுக்கவைப்பதுதான் பிறகு வருகிற பிழை. மிச்ச மூன்று கால்தான் அத்தனை நிறையையும் சுமக்கிறது. தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும்.

இல்லாத காலில நோகுமோ?

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஐயா இருக்கிறார், மிதிவெடியில் வலது பாதம் போனவர். எல்லோரும் வந்து சீசரைப் பார்த்து உச்சுக்கொட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. மதிலில் சாய்ந்து நின்று, "இரவில சொறியப் பாக்கிறானோ?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு இன்றைக்கும் இல்லாத பெருவிரல்தான் கடிக்குமாம்.

சொறியத்தான் பார்த்தான். இடது காதில் கடித்தால் தலையைச் சரித்துப் பிடிப்பான். இடுப்பில் தையல் தழும்புக்கு அடியில் தசை மட்டும் டக் டக்கென்று துடிக்கும், கால்தான் இல்லை. நான் காதைச் சொறிந்துவிட்டால் அந்தத் துடிப்பு மெல்ல மெல்ல நிற்கும். அது நோவு இல்லை. ஆனால் சும்மா படுத்திருக்கும் நாய் திடீரென்று கத்தி எழும்பி, கால் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தால் அது நரம்பு நோவாக இருக்கலாம். மேலே சொன்ன கபாபென்டின் அதற்கும் உதவும், தானாக நிறுத்திவிடாதீர்கள்.

எப்ப நடக்கக் கூட்டிக்கொண்டு போகலாம்? கடலுக்கு விடலாமோ?

தையல் வெட்டும் வரை வளவுக்குள் ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை, கயிற்றோடு. கயிறு ஏன் என்றால் எங்கள் ஊரில் மான். கோட்டைப் பக்கத்தில் இருந்து பஸ் ஸ்டாண்ட் வரை அவை பாட்டுக்குத் திரிகின்றன. சீசரை ஒருநாள் ஓட்டோவில் கொண்டுபோகும்போது ஒரு புள்ளிமானைக் கண்டுவிட்டான். தனக்குக் கால் மூன்று என்ற விசயம் அந்த நிமிடம் அவனுக்கு நினைவில்லை. நல்லவேளை, சாரத்தின் நுனி என் கையில் சுற்றியிருந்தது.

பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். நீளமாக ஒருதடவை நடப்பதை விடக் குட்டியாகப் பலதடவை நல்லது. மூன்று கால் நடை குதிப்பு நடை, கெதியாகக் களைக்கும், வெயிலில் இன்னும். அதிகாலை ஆறு மணிக்கு முன் உப்புவெளிக் கரையில் ஈர மணல் இறுகியிருக்கும், அதுதான் நடக்கச் சுகம். காய்ந்த மணலில் கால் புதையும். காயம் முழுக்க ஆறி வைத்தியர் சரி சொன்ன பிறகு கடல் நல்ல பயிற்சி, நாயின் நெஞ்சளவு தண்ணியில், நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும். மார்கழி மழையில் சேறான வளவுதான் எங்களுக்கு டைல்ஸை விட மோசமாக இருந்தது.

மனுசருக்குப் போடுற மாதிரிப் பொய்க்கால் போடேலாதோ?

எங்கள் பகுதியில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பொய்க்கால் பொருந்த மிச்சக்கால் வேண்டும். இடுப்போடு எடுத்த நாய்க்கு மாட்ட இடமில்லை. தேவையும் பெரும்பாலும் இல்லை.

உந்த வருத்தம் பிள்ளையளுக்குத் தொத்துமோ?

தொற்றாது. மனிதருக்கும் இல்லை, பக்கத்து நாய்க்கும் இல்லை. நாய்க்கு நாய் தொற்றுகிற புற்றுநோய் ஒன்று உண்மையிலேயே உண்டு. அது இணைசேரும்போது பரவி, பிறப்புறுப்பில் கட்டியாக வருவது. தெருநாய்களில் காண்பது அதைத்தான். அதுவும் மனிதருக்கு வராது, எலும்பு நோயோடு அதற்குச் சம்பந்தமும் இல்லை.

கீமோ குடுக்காட்டிக் காலை எடுத்ததில என்ன பிரயோசனம்?

கால் எடுப்பது நோவுக்கு. கீமோ, அதாவது புற்றுநோய்க்கு ஏற்றுகிற மருந்து, வாழ்நாளை நீட்டுவதற்கு. இரண்டும் வேறு வேறு வேலை. கண்டுபிடிக்கும் நேரத்திலேயே பத்தில் ஒன்பது நாய்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும். காலை மட்டும் எடுத்தால் பாதி நாய்கள் நான்கைந்து மாதத்தைத் தாண்டும். கார்போபிளாட்டின் போன்ற மருந்தும் சேர்ந்தால் அது ஏறக்குறைய பத்து முதல் பன்னிரண்டு மாதம்.

வழமையாக மூன்று கிழமைக்கு ஒருதடவை, நான்கு முதல் ஆறு தடவை ஏற்றுவார்கள். மனிதருக்குப் போல மயிர் கொட்டுவது அரிது. ஊசிக்குப் பிறகு வருகிற இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அவசரம். மூன்று நாளைக்கு மலத்தையும் மூத்திரத்தையும் கையுறை போட்டுத்தான் துப்புரவாக்கவேண்டும், கர்ப்பிணிகள் கிட்டப் போகக்கூடாது. நாங்கள் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று ஒருவழிக்கு ஐந்து மணித்தியாலம் வான் வண்டியில் போய் வருவது, காசு, இரண்டையும் கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

ஊசி போட்டு அனுப்பியிருக்கலாமே? ஏன் வதைக்கிறியள்?

சிலர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். சுவாசப்பையில் ஏற்கெனவே கட்டி தெரிந்தால், மற்றக் கால்களின் மூட்டுகள் தேய்ந்திருந்தால், அதுவும் யோசிக்கவேண்டிய வழிதான், அதில் குற்றமில்லை. சீசருக்கு இரண்டும் இல்லை. வதை என்றால் அது ஆடிக்கு முந்தின இரண்டு மாதம். எலும்பை உள்ளிருந்து கரைக்கிற நோவு அது, படிக்கட்டில் ஒரு அடி தவறினாலே கால் முறிந்துவிடக்கூடிய நிலை. பிறகு ஏழு மாதம் இருந்தான். அதில் கடைசி இரண்டு கிழமை தவிர மிச்சம் எல்லா நாளும் மீன்காரரின் சைக்கிள் மணிக்குக் கேட்டடிக்கு ஓடினான்.

பரவினா எப்பிடித் தெரியும்?

பெரும்பாலும் சுவாசப்பைக்குத்தான் போகும். ஆனால் இருமல் கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே நடை குறையும், சாப்பாட்டில் தெரிவு பார்க்கும், படுத்திருக்கும்போதே மூச்சு வேகமாகும். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கிழமைக்கு ஒருதடவை எண்ணிக் கலண்டரில் எழுதுங்கள். முப்பதைத் தாண்டி நின்றால் காட்டுங்கள். வேறொரு காலில் புதிதாக நொண்டல் வந்தாலும் அப்படித்தான். மாசியில் சீசர் சூடை மீனை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்த அன்று நான் கலண்டரைப் பார்த்தேன், 44. மூன்றாம் நாள் வைத்தியரை வீட்டுக்கே கூப்பிட்டோம்.

கோன் எங்க எடுக்கலாம்?

பெரிய அளவு ஒன்று என்னிடம் இருக்கிறது, ஓரத்தில் ஒரு வெடிப்பு, டேப் ஒட்டியிருக்கிறேன். இதுவரை மூன்று வீட்டுக்குப் போய் வந்துவிட்டது. ரப்பர் மெட்டும் சுருட்டி விறாந்தையில் கிடக்கிறது, அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். திருப்பித் தரும்போது கழுவித் தந்தால் போதும்.